தரையைத் தொட்டதென்று எதைக் கொண்டு அறிவது?

1993 செப்டம்பர் 14 அன்று மாலை, மழையில் நனைந்திருந்த வார்சா விமான நிலையத்தில், பக்கக் காற்றை எதிர்பார்த்து வேகத்தைச் சற்றே கூட்டி ஒருபுறம் சாய்த்து இறக்கப்பட்ட லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், வலப்புறச் சக்கரங்கள் தரையைத் தொட்டு ஏறத்தாழ 9 விநாடி சென்ற பின்னரே இடப்புறச் சக்கரங்கள் தொட்டன. வேகம் தணிக்கும் இறக்கையின் ஸ்பாய்லர்கள் நிமிர வேண்டுமாயின் இருபுறக் கால்களின் மீதும் தனித்தனியே 6.3 டன் பாரம் அழுந்த வேண்டும், இல்லையேல் சக்கரங்கள் 72 நாட் வேகத்துக்கு மேல் சுழல வேண்டும் என்பது விதி. எஞ்சினின் உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்புவதற்கோ முதல் நிபந்தனை ஒன்றே வழி. கணிப்பொறி தனக்கு விதித்தபடியே காத்திருந்தது. விமானம் ஓடுபாதையைத் தாண்டி மண்மேட்டில் மோதித் தீப்பற்றியது, இருவர் மாண்டனர்.

விசாரணைக் குழு விமானிகளின் முடிவுகளையே பிரதான காரணமாகக் கூறிற்று, அதை மறுப்பதற்கில்லை. அவ்விதியை வகுத்தவர்களும் அசிரத்தையாளர் அல்லர்: ஆகாயத்தில் எதிர் உந்துவிசை இயங்கினால் என்ன நாசம் விளையும் என்பதை, 1991-இல் தாய்லாந்தின் மேல் 223 உயிர்களுடன் சிதறிய லவுடா ஏர் போயிங் 767 ஐயமறக் காட்டியிருக்கிறது.

எனினும் மென்பொருளின் தேவைகளை வகுக்கும் நம் துறைக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. விமானம் தரையில் இருப்பது உலகத்தின் உண்மை, கால்களில் 6.3 டன் அழுந்துவது உணர்கருவி தரும் சாட்சியம். முன்னதற்குப் பின்னது ஈடாகும் என்பது ஓர் அநுமானமேயன்றி வேறன்று. ஈர ஓடுபாதையும் சாய்ந்த இறக்கமும் ஒருசேர நேர்ந்த சந்தர்ப்பத்தில் அது பொய்த்தது. அமெரிக்கக் கடற்படையின் ஏ-7 விமானத்துக்காக 1978-இல் ஹெனிங்கரும் பார்னஸும் அவர்தம் சகாக்களும் அட்டவணைகளாக வகுத்த தேவை ஆவணமும், பின்னர் பார்னஸும் மேடியும் வகுத்த நான்கு மாறிகளின் மாதிரியும், உலகில் நிகழ்வதையும் கருவி சொல்வதையும் வெவ்வேறாக எழுதும் ஒழுக்கத்தை நமக்கு அளித்தன. ஆயினும் இன்றும் பெரும்பாலான மாதிரிகள் கருவியின் சமிக்ஞையிலிருந்தே தொடங்குகின்றன. நிலைமாற்றப் படங்கள் அழகாக இருக்கின்றன, உருவகச் சோதனைகளும் தேறுகின்றன, ஏனெனில் சோதனையும் அதே அநுமானத்தின் மீதே நிற்கிறது. வன்பொருளைத் தேர்ந்த பின் இக்குறையைக் களைவது பெருஞ்செலவு. முதல் வரைவிலோ, நனைந்த பாதையில் விமானம் இறக்கிப் பழகியவரை அருகில் அமர்த்தி ஒரு பிற்பகல் பேசினாலே அது வெளிப்படக்கூடும்.

ஆகவே அடுத்த இதழ் முதல், தேவை மாதிரி பற்றிய கட்டுரைகளை அனுப்புவோர், தாம் கொண்ட சூழல் அநுமானங்களையும், அவை எந்நிலையில் பொய்க்கும் என்பதையும், அவற்றை உறுதிசெய்தவர் எத்துறை அநுபவம் உடையவர் என்பதையும் தனிப் பகுதியாக எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம்.