முற்றத்தில் ஓடட்டும் குலசை ரெயில்!

குழந்தைகளுக்கு ரெயில் என்றால் கொள்ளை ஆசை. நாலு தீப்பெட்டியை நூலில் கோத்தால் போதும், அது ரெயில். நாலு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு "கூ...!" என்று கத்தினால், அதுவும் ரெயில்.

குழந்தைகளுக்கு மட்டும்தானா? ரெயில்வே கேட்டில் காத்து நிற்கும் பெரியவர்களைப் பாருங்கள். கேட் சாத்தியதும் முணுமுணுப்பார்கள். ரெயில் வந்ததும் வாய் மூடிவிடும். கண் பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிடும். எல்லோருக்குள்ளும் ஒரு சிறு பையன் இருக்கிறான்!

தருவைகுளத்தில் தண்டவாளம் கிடையாது. கடல் உண்டு, வள்ளம் உண்டு, வலை உண்டு. ரெயில் பார்க்க வேண்டும் என்றால் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். ஆனால், ரெயிலை நம் வீட்டுக்கே வரவழைக்க ஒரு வழி இருக்கிறது.

முற்றத்தில் அல்லது கொல்லைப்புறத்தில் சின்னஞ்சிறு தண்டவாளம் போட வேண்டும். அதன்மேல் சின்னஞ்சிறு ரெயிலை ஓட்ட வேண்டும். இதற்குத் தோட்ட ரெயில் என்று பெயர். பல நாடுகளில் அப்பாவும் பிள்ளையும், தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து செய்யும் பொழுதுபோக்கு இது.

நம் பக்கத்துக் குடும்பங்களும் இதைச் செய்யலாம். செய்வதானால் எந்த ரெயிலைச் செய்வது? எங்கோ ஓடிய ரெயில் எதற்கு? நம் மண்ணில் ஓடி மறைந்த குலசை ரெயிலையே செய்வோம் என்கிறோம் நாம்.

எது குலசை ரெயில்?

தசராவுக்கு வேஷம் கட்டி குலசேகரன்பட்டினம் போகிறவர்கள் ஆயிரம் ஆயிரம். அந்த ஊரில் ஒரு குட்டி ரெயில் ஓடியது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குலசையில் பாரி கம்பெனியைச் சேர்ந்த சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. பனைமரம் நிறைந்த பூமி அது. அந்த ஆலையை ஒட்டி ஒரு ரெயில் பாதை போடப்பட்டது. முதல் உலகப் போர் தொடங்கிய நாட்களில், 1914, 1915-ம் ஆண்டுகளில், அதில் ரெயில் ஓடத் தொடங்கியது. ஒரு முனை திசையன்விளை. மறு முனை திருச்செந்தூர். இடையில் உடன்குடியும் குலசேகரன்பட்டினமும். சரக்கு மட்டும் அல்ல, ஜனங்களும் அதில் ஏறிப் போனார்கள்.

இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே எவ்வளவு அகலம் தெரியுமா? இரண்டே இரண்டு அடி! ஒரு சிறு பையன் கூடக் காலை அகட்டி வைத்து நின்றுவிடலாம்.

1940-ம் ஆண்டில் அந்த ரெயில் நின்றது. தண்டவாளம் போனது. ஓடிய சுவடும் போனது. அதே குலசையில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் வரப்போவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரெயில் போனது பெரியவர்களுக்கும் தெரியாது!

சின்னப் பாதை ஏன்?

இன்று நாம் ஏறும் ரெயில் அகலப் பாதையில் ஓடுகிறது. அதன் அகலம் 1,676 மில்லி மீட்டர். அதாவது ஐந்தரை அடி. 1876-ம் ஆண்டில் தூத்துக்குடிக்கு முதலில் வந்த ரெயில் மீட்டர் கேஜ். அதன் அகலம் 1,000 மில்லி மீட்டர். திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூருக்கு 1923-ம் ஆண்டில் வந்ததும் மீட்டர் கேஜ்தான். இவற்றை எல்லாம்விடக் குறுகியது குலசைப் பாதை. இப்படிப்பட்டதைக் குறுகிய பாதை என்பார்கள்.

குறுகிய பாதைக்குச் செலவு குறைவு. நிலமும் கொஞ்சம் போதும். இன்னொரு லாபமும் உண்டு. அது சட்டென்று வளையும்.

ஏன் வளைகிறது? இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு ஒரு மரத்தைச் சுற்றி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஓடுகிறவனுக்குத் தூரம் அதிகம். உள்பக்கம் ஓடுகிறவனுக்குத் தூரம் குறைவு. ரெயிலின் இரண்டு சக்கரங்களுக்கும் இதே கதிதான். அவை நெருங்கி இருந்தால் தூர வித்தியாசம் குறையும். சிரமமும் குறையும்.

டார்ஜிலிங் மலையில் 1881-ம் ஆண்டு முதல் ஏறிக்கொண்டிருக்கும் ரெயிலும் இரண்டு அடிப் பாதையில்தான் ஓடுகிறது. மலையில் வளைந்து வளைந்து ஏறுவதற்கு அதுதான் தோது. 1999-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது.

மலைக்குப் பொருந்துவது முற்றத்துக்கும் பொருந்தும். பெரிய ரெயிலின் பொம்மைக்குப் பெரிய வளைவு வேண்டும். குறுகிய பாதை ரெயிலின் பொம்மைக்கு ஐந்து அடி குறுக்களவு உள்ள வட்டம் போதும். கிணற்றடியும் துளசி மாடமும் போக மிஞ்சும் இடத்திலேயே அது ஓடிவிடும்.

கணக்கு சுலபம்

ரெயிலை எவ்வளவு சிறிதாகச் செய்வது? இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. நிஜத்தில் ஒரு அடி என்றால், பொம்மையில் 16 மில்லி மீட்டர். இதுதான் கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

குலசைப் பாதையின் அகலம் இரண்டு அடி. ஆகவே, பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் 32 மில்லி மீட்டர். ஐந்தரை அடி உயரமுள்ள ஆள் 88 மில்லி மீட்டர். ஆறு அடிக் கதவு 96 மில்லி மீட்டர். நாற்பது அடிப் பனைமரம் 640 மில்லி மீட்டர். ஏறக்குறைய இரண்டு அடி.

பிள்ளையிடம் ஸ்கேலைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பெருக்கலுக்கு அழுகிற பிள்ளை, இங்கே அழாது!

திருச்செந்தூர் கோபுரத்தையும் செய்ய ஆசை வரும். அதன் உயரம் நூறு அடிக்கும் மேல். கணக்குப்படி கட்டினால் பொம்மைக் கோபுரமே உங்கள் தோள் உயரத்தைத் தாண்டிவிடும்! அதைச் சுவரில் படமாக எழுதிவிடுங்கள். பாதையின் மறுபக்கத்தில் ஒரு கூடை செம்மண்ணைக் கொட்டுங்கள். அதுதான் தேரிக்காடு. இலை சிறுத்த செடிகளை ஓரத்தில் நடுங்கள். துளசியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் குட்டி மரமாக நிற்கும்.

முதலில் பாதை

பலர் முதலில் எஞ்சினைத் தேடுகிறார்கள். அது தவறு. பாதை நன்றாக இருந்தால்தான் ரெயில் ஓடும்.

மணல் முற்றத்தில் அப்படியே தண்டவாளத்தை வைத்தால், ஒரு மழையில் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் செங்கல்லைப் பதியுங்கள். நடுவில் பொடி ஜல்லியைப் பரப்புங்கள். நிஜப் பாதையிலும் ஜல்லி அழகுக்காகக் கிடக்கவில்லை. பாரத்தைப் பகிர்ந்து தாங்குகிறது. மழைத் தண்ணீரை வடிய விடுகிறது.

ஜல்லியின் மேல் குறுக்குக் கட்டைகள். தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் தேக்குச் சில்லுகளே போதும். கட்டையின் மேல் இரண்டு கம்பிப் பட்டைகள். எந்த இடத்தில் அளந்தாலும் இடைவெளி 32 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். கூடினால் சக்கரம் உள்ளே விழும். குறைந்தால் மேலே ஏறும்.

நுங்கு தின்ற பிறகு நம் பிள்ளைகள் செய்யும் பனங்காய் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு காய், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. மாட்டுவண்டியில் அச்சு நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். பனங்காய் வண்டியிலோ குச்சியும் காயும் சேர்ந்தே சுற்றும். ரெயில் சக்கரமும் அப்படித்தான்! அச்சும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றுகின்றன. இத்துடன் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு வேண்டும். அந்த விளிம்புதான் ரெயில் தடம் புரளாமல் காக்கிறது. இந்தச் சக்கரத்தை மட்டும் வீட்டில் செய்வது கடினம். லேத் பட்டறையில் அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம்.

உப்புக் காற்று

நம் கரையில் ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்று! இரும்பை வைத்தால் துரு தின்றுவிடும். கடலோரத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தண்டவாளத்துக்கு அலுமினியமோ பித்தளையோ நல்லது. ஓட்டி முடித்ததும் ரெயிலை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் பாதையைத் துடையுங்கள். அச்சில் மணல் சேராமல் பாருங்கள். படகைக் கரையேற்றினால் கழுவி வைக்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கம் இதற்கும் போதும்.

எஞ்சின் எப்படி ஓடும்? முதலில் கையால் தள்ளினாலே போதும். பிறகு பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரை வைக்கலாம். ஸ்பிரிட் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நிஜமான நீராவியில் ஓடும் குட்டி எஞ்சின்களும் உலகில் உண்டு. அவை பெரியவர்கள் கையாள வேண்டியவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்டவாளத்தில் கொடுக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து!

பணக்காரர் விளையாட்டா?

"இதெல்லாம் காசு உள்ளவர்கள் செய்வது" என்று சிலர் சொல்லலாம். கடையில் வாங்கினால் அது உண்மைதான். ஜெர்மனியில் லேமான் என்ற கம்பெனி 1968-ம் ஆண்டில் தோட்ட ரெயில் விற்கத் தொடங்கியது. மீட்டர் கேஜ் ரெயிலை இருபத்திரண்டரை மடங்கு சிறிதாக்கி, 45 மில்லி மீட்டர் தண்டவாளத்தில் ஓட்டினார்கள். மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்கும்படி செய்தார்கள். உலகம் முழுவதும் வாங்குகிறார்கள். விலையோ அதிகம்.

ஆனால், வாங்குவதில் பாதி இன்பம்தான். செய்வதில்தான் முழு இன்பம். நம் நாட்டில் புனா நகரத்தில் ஜோஷி என்பவர் ரெயில் மாதிரிகளைச் செய்வதையே வாழ்நாள் பொழுதுபோக்காக வைத்திருந்தார். அது வளர்ந்து வளர்ந்து, 1998-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ஒரு கண்காட்சி சாலையாகவே திறக்கப்பட்டது. ஒரு மனிதரின் ஆசை ஊருக்கே காட்சியானது!

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கைத்திறன் புதிது அல்ல. கிடைத்த கட்டையைச் செதுக்கி, துணியில் பாய் கட்டி, அலையில் குட்டி வள்ளம் விடுகிற கைகள் அவை. வள்ளம் செய்கிற கைக்கு ரெயில் பெட்டி செய்யத் தெரியாதா?

தாத்தாவைக் கேளுங்கள்

இதில் விளையாட்டைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது.

தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றது. ஆனாலும் முத்துக்குளிப்பை நாம் மறக்கவில்லை. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், பிள்ளையும் சொல்கிறான். குலசை ரெயிலுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும் போலிருக்கிறது. அதில் ஏறிய நினைவு உள்ளவர்கள் இன்று 90 வயதைத் தாண்டியவர்கள். இன்னும் எத்தனை நாள் கேட்க முடியும்?

மீட்டர் கேஜ் ரெயிலுக்கும் அதே நிலைதான் வருகிறது. தமிழ்நாட்டில் அது இன்று ஓடுவது ஊட்டி மலைப் பாதையில் மட்டுமே. மற்ற இடங்களில் மீட்டர் கேஜ் ரெயிலில் ஏறி, கண்ணில் கரித்தூள் விழுந்து கசக்கிய அப்பாக்களும் அம்மாக்களும் இன்னும் இருக்கிறார்கள். நாளை?

ஆகவே, ரெயில் செய்ய உட்காரும் பிள்ளைகள் முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டும். திருச்செந்தூர் பக்கம், உடன்குடி பக்கம், திசையன்விளை பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் போய்க் கேட்கட்டும். "தாத்தா, பெட்டி என்ன நிறம்? ஆச்சி, எங்கே நின்று ஏறினீர்கள்? விசில் எப்படிக் கூவும்?" என்று கேட்கட்டும். சொன்னதை எல்லாம் எழுதட்டும். பிறகு அந்த நிறத்தையே பெட்டிக்குப் பூசட்டும்.

தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களும் இதை எடுத்துச் செய்யலாம். ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒரு குலசைப் பாதை போதும். கணக்கு வாத்தியாருக்கும் அதில் வேலை உண்டு; சரித்திர வாத்தியாருக்கும் வேலை உண்டு; தோட்ட வேலைக்கும் இடம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முற்றத்தில் 32 மில்லி மீட்டர்ப் பாதை. திண்ணையில் தொண்ணூறு வயதுத் தாத்தா. பேத்தி ரெயிலைத் தள்ளுகிறாள். அது துளசி மரத்தடியைச் சுற்றி, செம்மண் தேரியைத் தாண்டி வருகிறது. "இது எந்த ஊர், தாத்தா?" என்று கேட்கிறாள் அவள். தாத்தா சொல்லத் தொடங்குகிறார்.

அந்தப் பேச்சைக் கேட்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. அதற்குள் பாதையைப் போட்டுவிடுங்கள்!