பையன் மசமச... பேனா பளிச்!

அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமா மடியில் உட்கார்ந்து அவன் வீறிடும் அந்த நிமிடத்தைப் படமெடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதற்காகவே எட்டு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் வாங்கியிருந்தேன். வாங்குவதற்கு முன் ராத்திரி ராத்திரியாக டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் படித்தேன். ஷார்ப்னெஸ் மதிப்பெண் எல்லாம் அமோகம்!

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பார்த்தால், பையன் முகம் மசமசவென்று இருந்தது. மாமாவின் சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனா மட்டும் பளிச். மூடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

``பேனாவுக்காடி காது குத்தினோம்?'' என்றாள் அக்கா.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. பேனா மூடியின் கீறலைக் காட்டுகிற லென்ஸ் எப்படி மட்டமானதாக இருக்கும்?

நடந்தது இதுதான். என்னுடையது ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமரா. அதில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து வைத்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. பையன் தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், ஃபோகஸ் போச்சு. போதாக்குறைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/60. 50 எம்.எம். லென்ஸுக்கு 1/50 போதும் என்ற பழைய கணக்கு, நம் கை நடுக்கத்துக்குத்தான். துள்ளுகிற குழந்தைக்கு 1/250-க்குக் கீழே இறங்கக் கூடாது.

அப்படியானால் மதிப்பெண் பொய்யா? இல்லை. ஆனால், லேபில் கேமரா அசையாத ஸ்டாண்டில் இருக்கும். எதிரே தட்டையான ஒரு சார்ட். அது அழாது, துள்ளாது. லென்ஸால் அதிகபட்சம் என்ன முடியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கேமராவையும் சேர்த்து அளந்த எண்ணாக இருந்தால் இன்னொரு சிக்கல்: 24 மெகாபிக்சல் கேமராவில் வந்த மதிப்பெண்ணையும் 45 மெகாபிக்சல் கேமராவில் வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

நிறுவனங்கள் வெளியிடும் எம்.டி.எஃப் கிராஃப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரம் படத்தின் நடுப்பகுதி, வலது ஓரம் மூலை. கோடு எவ்வளவு உயரத்தில் போகிறதோ அவ்வளவு நல்லது. வலப்பக்கம் சரிந்தால் மூலைகள் மங்கும் என்று அர்த்தம். ஆனால், அவற்றில் பல, டிசைனை வைத்துக் கணக்குப் போட்டு வரைந்தவை. உங்கள் கையில் இருக்கும் லென்ஸை அளந்தவை அல்ல.

இது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே மாடலில் பல லென்ஸ்களை வரிசையாக அளந்து பார்த்தவர். ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். ரிவ்யூ எழுதியவருக்கு வந்தது ஒரு லென்ஸ், உங்களுக்கு வந்தது வேறு லென்ஸ்.

அதனால் நானே மொட்டைமாடியில் ஒரு டெஸ்ட் வைத்தேன். நல்ல வெயில், ட்ரைபாட், 2 செகண்ட் டைமர். ஸ்டெபிலைசேஷன் ஆஃப். தூரத்து அபார்ட்மென்ட்டின் ஒரு ஜன்னலைத் திரையில் பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸ் செய்தேன். பிறகு ஃபோகஸைத் தொடாமல், அதே ஜன்னல் நான்கு மூலைகளிலும் விழும்படி கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். எஃப் 1.8-ல் ஒரு செட், எஃப் 5.6-ல் ஒரு செட்.

எஃப் 1.8-ல் நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் சுபாவம், எஃப் 5.6-ல் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரே ஒரு மூலை மட்டும் அடம்பிடித்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள். (மொபைலில் எடுப்பவர்கள் குறை சொல்வதற்கு முன் லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் விரல் ரேகைதான் வில்லன்!)

என் லென்ஸில் வலது மேல் மூலை கொஞ்சம் மந்தம். எஃப் 5.6-ல் சரியாகிவிட்டது. அந்த மூலையில் நான் யார் முகத்தையும் வைக்கப்போவதில்லை என்பதால் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் பையனுக்குப் பிறந்தநாள். `உங்க மாமாவைப் பேனா இல்லாமல் வரச் சொல்லு' என்று அக்கா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.