பிள்ளை பிறந்தால் அப்பனுக்கும் லீவு வேண்டும்

வெள்ளவத்தைத் துணிக்கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலைக்கு நிற்கும் இளைஞர்களில் பலர் நம் தோட்டத்துப் பிள்ளைகள். மனைவி லயத்தில் இருக்கிறாள், புருஷன் கடை மாடியில் படுக்கிறான். நடுச்சாமத்தில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகப் போன் வருகிறது. காலையில் லீவு கேட்டால், "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்று பதில் வருகிறது. பிள்ளையின் முகத்தை அப்பன் முதலில் பார்ப்பது போனில்தான்.

இது முதலாளியின் மனசைப் பொறுத்த காரியமாக இருக்கக் கூடாது என்கிறோம்.

இன்றைய நிலை என்ன? அரசாங்க ஊழியரின் மனைவிக்குப் பிரசவம் என்றால் அவருக்குச் சம்பளத்துடன் 3 நாள் லீவு உண்டு. தனியார் துறையில் வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. தோட்டத்திலும் அதே கதைதான்: வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் கொடுக்கிறார்கள்.

"பெற்றவள் அவள், இவனுக்கு எதற்கு லீவு?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். மாமியார் மலைக்குப் போகாவிட்டால் அவருக்கும் அன்றைய பேர் இல்லை. அப்படியானால் சுடுதண்ணீர் வைப்பது யார்? மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார்? ஒப்பரேசன் செய்த உடம்போடு அவளே எழுந்து செய்ய வேண்டுமா? லீவு கேட்பது தவறணையில் உட்காருவதற்கல்ல. வீட்டு வேலையில் பாதியைச் சுமப்பதற்கு.

சட்டம் மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு பிள்ளைகள் இருக்கும் தாய்க்கு அடுத்த பிரசவத்துக்கு 42 நாள்தான் என்றிருந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். தாய்க்குத் திருத்தியவர்கள் தகப்பனுக்கும் எழுதலாம்.

நாம் கேட்பது இதுதான்: கடையானாலும் தோட்டமானாலும் தகப்பனுக்கு முழுச் சம்பளத்துடன் 7 நாள். அதை வேறு லீவில் கழிக்கக் கூடாது.

அதுவரைக்கும், கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, முதல் வருடம் கழிந்தவருக்கு வருடத்தில் 7 நாள் அமய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் சம்பளத்துடன் உண்டு. சாப்பாட்டுக் கடைக்கும் இது பொருந்தும். முதல் வருடத்தில் இருப்பவருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமய லீவு சேரும். கிளினிக்கில் கொடுத்த திகதியை வைத்து முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியைக் கையில் வையுங்கள். மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், சங்கத்துக்கும் அறிவியுங்கள்.

தோட்டத்தில் இருக்கும் பெற்றோரே, இதைப் பிள்ளைகளுக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள்.