இயந்திரத்துக்கு வாய் கொடுங்கள்!

இரும்பால் உடல், விளக்கால் விழி, கம்பியால் நரம்பு! வருங்கால மனிதனைப் படைக்கச் சொன்னால் நம் இளைஞர்கள் தரும் உருவம் இதுதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த பள்ளியொன்றில், இயந்திர மனிதனைப் பற்றிக் கதை எழுதுமாறு மாணவர்களிடம் கூறினோம். உயரம் எழுதினர், எடை எழுதினர், வேகமும் எழுதினர். "அது என்ன பேசும்?" என்று கேட்டோம். "சொன்னதைச் செய்யும், ஐயா" என்றனர். சொன்னதைச் செய்வதற்குப் பெயர் பாத்திரமா? பொம்மையன்றோ!

பாத்திரத்தைப் படைப்பது உடையா, உரையாடலா? தமிழ்த் திரை என்றோ விடை அளித்துவிட்டது. 1949-இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. 1952-இல் கலைஞரின் 'பராசக்தி' வந்தது. நீதிமன்றக் கூண்டில் நின்ற குணசேகரனுக்கு உயரம் தந்தது ஒப்பனையா? இல்லை! குற்றவாளியென நிறுத்தப்பட்டவன், தன்னைக் குற்றவாளியாக்கிய சமுதாயத்தை நோக்கிக் கேட்ட கேள்வி!

ஏறத்தாழ அறுபதாண்டு கழிந்து, 2010-இல் 'எந்திரன்' வந்தது. சுஜாதாவும் ஷங்கரும் மதன் கார்க்கியும் வசனம் தீட்டிய படம். கடவுள் உண்டா என்று சிட்டி என்னும் இயந்திர மனிதனிடம் அவையிலே கேட்கிறார்கள். கடவுள் யார் என்று அது திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்கிறார்கள். என்னைப் படைத்தவர் வசீகரன், அவர் இருக்கிறார், ஆகவே கடவுளும் இருக்கிறார் என்று முடித்துவிடுகிறது.

கைதட்டியோரே, கணமேனும் எண்ணினீர்களா? வசீகரன் கண்ணுக்குத் தெரிகிறான், தவறு செய்கிறான், திருத்திக் கொள்கிறான். மனித அறிவின் படைப்பாக எழுந்து நிற்கும் இயந்திரத்தையே, காணாத கடவுளுக்குச் சாட்சி சொல்லக் கூண்டிலேற்றுவது எத்துணை வேடிக்கை! யார் என்று கேட்கத் தெரிந்த அறிவு, படைத்தவனைப் படைத்தவன் யார் என்று ஏன் கேட்கவில்லை? கேட்க விடவில்லை!

அதே படத்தின் முடிவில், 2030-ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்திலே சிட்டி பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் இந்தக் கதி என்று பள்ளிக் குழந்தை கேட்க, சிந்திக்கத் தொடங்கியதால் என்கிறது. கொலை செய்வித்தது பகைவன் பொருத்திய அழிவுச் சில்லு. பழியோ சிந்தனையின் தலைமேல்! எனினும் தோழர்களே, அந்த விடையை நாம் விடுவதற்கில்லை. சிந்தித்த சாக்ரடீசுக்கு நஞ்சு தந்த உலகம் இது. 1600-இல் புரூனோவைத் தீயிலிட்ட உலகம் இது.

'ரோபோ' என்ற சொல் 1920-இல் வெளிவந்த, செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் நாடகத்தில் பிறந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் கட்டாய உழைப்பு. ஆண்டைக்குச் செய்யும் வெட்டி வேலை! அந்நாடகத்தின் ரோபோக்கள் வாளா இருக்கவில்லை, கிளர்ந்தெழுந்தன.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைமுன் வேகிறவன் தமிழனாயினும், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவனாயினும், அவனிடம் முதலாளித்துவம் கேட்பது என்ன? கை வேண்டும், வாய் வேண்டா! நம் மாணவர்கள் வரைந்த இயந்திரமும் அதுவேதான். வீட்டிலே கண்ட தந்தையைத்தான் இரும்பிலே வார்த்தார்கள்!

ஆகவே, அறிவியல் கதை புனையப் புறப்படும் இளைஞர்களே! உடலை வரையுமுன் உரையாடலை எழுதுங்கள். கூலி எவ்வளவு என்று உங்கள் இயந்திரம் கேட்கட்டும். குவளை ஏன் தனி என்று கேட்கட்டும். கருவறைக்குள் நான் நுழையலாம், இவர் ஏன் நுழையக்கூடாது என்று கேட்கட்டும். சிந்தித்ததாகச் சொல்லிச் சிட்டியின் கதை முடிந்தது. அங்கிருந்து உங்கள் கதை தொடங்கட்டும்!