டாக்டர் சொன்னபடி

ராத்திரி ஒன்பதரை மணிக்கு அம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாடா?"

கைபேசி வெளிச்சத்தில், அவள் கண்ணாடியையும் வாங்கி என் கண்ணாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு படித்தேன். உற்பத்தி உரிம எண் இருந்தது. தொழிற்சாலையின் முழு விலாசம் இருந்தது. மாத்திரைக்கு என்ன சாயம் சேர்த்தார்கள் என்பதுகூட இருந்தது. எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு மட்டும் ஒரே வரி: மருத்துவர் அறிவுறுத்தியபடி. மருத்துவரோ சீட்டில் 1-0-1 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சுழி போட்டிருக்கிறார். அது 'சாப்பாட்டுக்கு முன்' ஆகவும் இருக்கலாம், அவருடைய கையெழுத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். கடைக்குப் போன் போட்டேன். "டாக்டர் சொன்னபடி குடுங்க சார்" என்றார்கள். அட்டை டாக்டரைக் காட்டுகிறது, டாக்டர் சீட்டைக் காட்டுகிறார், சீட்டைப் படிக்கத் தெரிந்த கடைக்காரர் திரும்ப டாக்டரைக் காட்டுகிறார். நடுவில் தண்ணீர் டம்ளரோடு அம்மா நிற்கிறாள்.

கோபத்தில் ஒருநாள் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளை உட்கார்ந்து படித்தேன். சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விதி 96, விதி 97 என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் கட்டாயம். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை எச் மருந்து என்றால் இடது மேல்மூலையில் ஆர்எக்ஸ் குறி வேண்டும். போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது என்றால் என்ஆர்எக்ஸ், அதுவும் சிவப்பில். 2014 மார்ச்சில் எச்1 என்று இன்னொரு அட்டவணை வந்தது. செஃபிக்ஸைம் போன்ற கிருமிக்கொல்லிகள் அதில் அடக்கம். அவற்றின் எச்சரிக்கையைச் சிவப்புக் கட்டத்துக்குள் போட வேண்டும், நோயாளியின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் ஓடுகிறதே செங்குத்துச் சிவப்புக் கோடு, அதுவும் சட்டம் போட்ட கோடுதான். சீட்டில்லாமல் தொடாதே என்று அர்த்தம். எங்கள் பக்கத்து வீட்டு மாமா அதை 'பவர் ஜாஸ்தி' என்று புரிந்துவைத்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் "சிவப்புக் கோடு போட்டதா ரெண்டு குடுப்பா" என்று கேட்டு வாங்குகிறார். கிடைக்கவும் கிடைக்கிறது.

இத்தனையும் யாருக்காக எழுதியவை? ஆய்வாளர் வந்தால் சரிபார்க்க, கடைக்காரர் கணக்கு வைக்க. விழுங்குகிறவருக்கு என்று ஒரு வரி தேடினால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்பதும், 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வையுங்கள் என்பதும்தான் கிடைக்கின்றன. மே மாதம் வேலூரில் அப்படி ஓர் இடம் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே இட்லி மாவு இருக்கிறது. இந்த வரிகளும் ஆங்கிலத்தில்தான். அம்மா எட்டாவது வரை படித்தவள், தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பவள். அவளுடைய அட்டையில் தமிழில் ஓர் எழுத்து கிடையாது.

கண் சொட்டு மருந்தின் கதை இன்னும் மோசம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து கொடுத்த சின்னப் புட்டி, ஐந்து மில்லி. திறந்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், சொட்டுமுனையைத் தொடக்கூடாது, எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அச்சிடச் சட்டம் சொல்கிறது. அச்சிட்டிருக்கிறார்கள். கட்டெறும்பு காலைவிட மெல்லிய எழுத்தில், வளைந்த புட்டியைச் சுற்றி. கண் தெரியாமல் அறுவை செய்துகொண்டவர் படிக்க வேண்டிய எழுத்து இது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருந்தின் பொதுப்பெயர் கம்பெனி வைத்த பிராண்ட் பெயரைவிட இரண்டு எழுத்தளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று 2018 செப்டம்பரிலிருந்து ஒரு விதி இருக்கிறது. அது எனக்கு உதவியிருக்கிறது. போன மாதம் அம்மாவின் பிரஷர் மாத்திரை நீல அட்டையிலிருந்து பச்சை அட்டைக்கு மாறியபோது, "மாத்திக் குடுத்துட்டான்டா" என்று அவள் பதறினாள். இரண்டிலும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று இருந்ததைக் காட்டித்தான் சமாதானப்படுத்தினேன்.

பிறகு கியூஆர் கட்டம் வந்தது. அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். சரி, இதிலாவது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெரியும் என்று நினைத்தேன். அதில் வர வேண்டியவையும் பெயர், விலாசம், தொகுதி, தேதி, உரிம எண்தான். போதாக்குறைக்கு, அட்டையில் இடமில்லாவிட்டால் வெளிப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று விதியே விட்டுக்கொடுக்கிறது. வெளிப்பெட்டி கடை அலமாரியில் இருக்கிறது. என் கையில் கத்தரித்த ஐந்து மாத்திரை.

அமெரிக்காவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு ஒரு மருந்து வாங்கினார்கள். டப்பா மேல் அவள் பெயர், மருத்துவர் பெயர், எந்த வேளை எத்தனை என்பது எல்லாம் அச்சடித்திருந்தது. மருந்தை எடுத்துக் கொடுக்கும் கடை அதை ஒட்டித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். காலி டப்பாவை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை. ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறாள்.

கத்தரிப்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். மறு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவார்கள். என் துண்டில் மருந்தின் பெயரில் பாதியும் ஆர்எக்ஸில் எக்ஸும் இருந்தன. "தேதி இருக்கிற பக்கம் குடுங்க தம்பி" என்றேன்.

"அது கடைசியா வாங்குறவங்களுக்குத்தான் சார்."

"கடைசியா யார் வருவாங்க?"

"தெரியாது சார். முழு அட்டையா எடுத்துக்கங்களேன்."

எடுத்துக்கொண்டேன். மருத்துவர் எழுதியது ஐந்து. மீதிப் பத்து அம்மாவின் டப்பாவில் கிடக்கிறது, தேதியோடு.