தராசுக்குப் பிறகே சமன்பாடு

ரசாயன சாஸ்திரத்தின் வாசலில் வந்து நிற்கும் மாணவன் முதன்முதலாக ஊக்கம் இழப்பது சமன்பாடுகளைச் சமன் செய்யும் பாடத்தில்தான் என்பதும், அதற்குக் காரணம் அப்பாடத்தின் கடுமையன்று, அதை நாம் புகட்டும் முறையே என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எந்தக் குழந்தைக்கும் அம்புக்குறியின் இரு புறத்திலும் அணுக்களை எண்ணிப் பார்ப்பது அரிய காரியம் அன்று. உலோகத்தை முதலில் கவனி, ஹைட்ரஜனைப் பிறகு பார், ஆக்ஸிஜனைக் கடைசிக்கு வைத்துக்கொள் என்று நாம் சொல்லித் தரும் உபாயமும் பெரும்பாலும் பலிக்கவே செய்கிறது. ஆனால் இரு புறமும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்னரே சமமாக்கும் தந்திரம் அவன் கையில் திணிக்கப்பட்டுவிடுவதால், ரசாயனம் என்பது பொருள்களைப் பற்றிய வித்தை என்பதை மறந்து, எண்களை இடம் மாற்றிப் போடும் விளையாட்டு என்றே அவன் எண்ணத் தலைப்படுகிறான்.

பொருள் அழிவதில்லை என்னும் விதி கண்ணுக்குப் பிரத்தியட்சமானது அன்று; கண் காட்டும் சாட்சிக்கு அது முற்றிலும் விரோதமானது என்பதை ஆசிரியர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு சுமை விறகை அடுப்பில் எரித்தால் மிஞ்சுவது ஒரு முறம் சாம்பல். மெழுகுவத்தி எரிந்தால் அதுவும் மிஞ்சுவதில்லை. எரிவது என்றால் இல்லாமற்போவது என்று நம்பிக்கொண்டுதான் ஒவ்வொரு குழந்தையும் வகுப்புக்குள் வருகிறது. அந்த நம்பிக்கையைப் பெயர்த்தெடுக்காமல், "நிறை மாறா விதி" என்ற சொற்றொடரைக் கரும்பலகையில் எழுதி, அடுத்த வரியில் சமன்பாட்டைத் தொடங்கிவிடுவது அஸ்திவாரம் தோண்டாமல் சுவர் எழுப்பும் வேலையாகும்.

பிரெஞ்சு விஞ்ஞானியான லவாய்சியர் இந்த நம்பிக்கையைப் பெயர்த்தது வாதத்தினால் அன்று, தராசினால். 1774ஆம் ஆண்டில் அவர் வெள்ளீயத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, வாயை உருக்கி மூடி, நெடுநேரம் காய்ச்சினார். உள்ளே உலோகத்தில் ஒரு பகுதி பொடியாக மாறியது. ஆயினும் மூடிய பாத்திரத்தின் எடை சிறிதும் மாறவில்லை. பாத்திரத்தைத் திறந்தபோதுதான் வெளிக்காற்று உள்ளே விரைந்து புகுந்தது. அதன் பின்னரே எடை கூடியது. உலோகம் காற்றின் ஒரு கூற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பதும், அந்தக் கூறு எங்கும் போய்விடவில்லை என்பதும் அந்த ஒரே பரிசோதனையில் விளங்கின. வரி வசூல் நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருந்து, அதன் காரணமாகவே 1794இல் கில்லட்டினுக்குத் தலையைக் கொடுத்த அந்த மனிதர், 1789இல் வெளியிட்ட தம் ரசாயன நூலில், திராட்சைச் சாறு நொதிப்பதை ஒரு சமன்பாடாகவே எழுதிக் காட்டினார்: ஒரு பக்கத்தில் சாறு, மறுபக்கத்தில் கரியமில வாயுவும் சாராயமும். எழுதியதோடு நில்லாமல், இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தார் என்பதே இங்கு முக்கியம். சமன்பாடு பிறந்தது தராசுக்குப் பிறகுதான்.

மாணவர்கள் செய்யும் பிழைகளில் மிகவும் பரவலானதும், ஆசிரியர்களை மிகவும் சலிப்படையச் செய்வதும் ஒன்று உண்டு. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நீராவதை எழுதும்போது, ஆக்ஸிஜன் ஒரு புறம் இரண்டாகவும் மறுபுறம் ஒன்றாகவும் இருப்பதைக் கண்ட மாணவன், நீரின் சூத்திரத்தில் ஆக்ஸிஜனின் காலடியில் ஒரு சிறு 2 போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறான். எண்ணிக்கை சரியாகிவிடுகிறது, ஆனால் அவன் காகிதத்தில் இப்போது இருப்பது குடிநீர் அன்று, புண்ணைக் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. இதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. முன்னால் நிற்கும் எண்ணை மாற்றலாம், காலடியில் உள்ள எண்ணைத் தொடலாகாது என்று கட்டளையிடுவதும் எளிது. ஏன் தொடலாகாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அரை நூற்றாண்டுச் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும்.

1808இல் அணுக் கொள்கையை நூலாக வெளியிட்ட டால்டன், நீரை ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் கூடிய பொருளாகவே கருதினார். அதே ஆண்டில் கே-லுசாக், இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவும் ஒரு பங்கு ஆக்ஸிஜன் வாயுவும் கூடினால் இரண்டு பங்கு நீராவி உண்டாகிறது என்று கண்டார். ஒரு பங்கு ஆக்ஸிஜன் எப்படி இரண்டு பங்கு நீராவிக்குள் பகிர்ந்து அமர முடியும்? ஆக்ஸிஜனின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிரியக்கூடியதாக இருந்தால் முடியும் என்று அவகாட்ரோ 1811இல் விடை சொன்னார், கேட்பாரில்லை. 1860இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய ரசாயன அறிஞர்களின் மாநாட்டில் கன்னிசாரோ அதை எடுத்து நிறுவிய பிறகே அது மெல்ல மெல்ல அங்கீகாரம் பெற்றது. நீரின் சூத்திரத்தில் ஹைட்ரஜனின் காலடியில் உள்ள சிறு 2, தலைசிறந்த மேதைகள் ஐம்பது ஆண்டுகள் தர்க்கம் செய்து இயற்கையிடமிருந்து பெற்ற விடை. அது நம் பென்சிலுக்கு வசப்பட்ட எண் அன்று. இந்தக் கதையை ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம்; சொன்னபின் மாணவன் அந்த எண்ணைத் தொடத் தயங்குவான்.

விடை சரியாக வருகிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதற்கு 1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பிரமாணம். சமன்பாடுகளைத் தவறின்றிச் சமன் செய்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அழைத்து, அவற்றையே வட்டங்களாக வரைந்து காட்டச் சொன்னபோது, அவர்களுள் பலர் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளை மூன்று ஜோடிகளாக வரையாமல், ஆறு வட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பொருளாக வரைந்தார்கள். எண் வந்தது; அர்த்தம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமன்பட்டது என்பதனாலேயே ஒரு சமன்பாடு மெய்யாகிவிடாது. தாமிரமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடித் தாமிரக் குளோரைடும் ஹைட்ரஜனும் உண்டாவதாக ஒருவன் எழுதி, அமிலத்தின் முன்னால் 2 இட்டால் கணக்கு அப்பழுக்கின்றி நேராகிவிடும். ஆனால் நீர்த்த அமிலத்தில் தாமிரத் துண்டை இட்டுக் காத்திருந்தால் ஹைட்ரஜன் குமிழி ஒன்றும் எழுவதில்லை. துத்தநாகத்தை இட்டால் உடனே பொங்குகிறது. எது நிகழும் என்று தீர்மானிப்பது காகிதம் அன்று.

வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. எரிவாயுவில் உள்ள புரொப்பேன் 44 கிராம் முழுமையாக எரிய 160 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். அதாவது சுமார் 690 கிராம் காற்று. விளைவது 132 கிராம் கரியமில வாயுவும் 72 கிராம் நீரும். கூட்டிப் பாருங்கள், இரு புறமும் 204. ஒரு மூலக்கூறு புரொப்பேனுக்கு ஐந்து மூலக்கூறு ஆக்ஸிஜன் என்னும் விகிதம் இது. ஜன்னலில்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கலம் எரியும்போது அந்த ஐந்து கிடைக்காமற்போகலாம். இரண்டு மூலக்கூறு புரொப்பேனுக்கு ஏழே ஆக்ஸிஜன் என்னும் வேறொரு சமன்பாடும் கணக்கில் அதே அளவு நேரானதுதான்; ஆனால் அதன் விளைவு நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு. இரண்டு சமன்பாடுகளையும் அருகருகே எழுதி, எதில் மனிதன் உயிர் பிழைப்பான் என்று கேட்கும் ஆசிரியரின் வகுப்பில் எந்த மாணவன் கவனம் சிதறுவான்?

ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. பாடத்திட்டத்தின் நீளமும் பொதுத் தேர்வின் நெருக்கடியும் அவர்களைத் துரத்துகின்றன. ஆயினும் நான் வேண்டுவது பெரிய செலவுள்ள காரியமன்று. கூம்புக் குடுவையில் சோடியம் சல்பேட் கரைசல், நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு குழாயில் பேரியம் குளோரைடு கரைசல், இறுக்கமான அடைப்பான், நம்பத் தகுந்த ஒரு தராசு. நிறுத்து, சாய்த்து, வெண்படிவு தோன்றிய பின் மீண்டும் நிறுத்தால் முள் அசைவதில்லை. இந்தச் சோதனை பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. செய்து காட்டப்படாமல் வாசித்து முடிக்கப்படுவதே குறை. மூசையில் 2.4 கிராம் மெக்னீசியத்தை எரித்து, ஏறத்தாழ 4 கிராம் வெண்சாம்பல் கிடைப்பதை மாணவன் தானே நிறுத்துப் பார்க்கட்டும், கூடிய 1.6 கிராம் எங்கிருந்து வந்தது என்று அவனே வினவுவான். அந்த வினா எழுந்த பிறகு கரும்பலகைக்குப் போகலாம்.

தேர்வுக்கு வினா அமைக்கும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். "பின்வரும் சமன்பாட்டைச் சமன் செய்க" என்று கேட்கும் ஒவ்வோரிடத்திலும், அந்தச் சமன்பாட்டில் உள்ள மூலக்கூறுகளை வரைந்து காட்டும்படியோ, இரு புறத்து எடைகளையும் கணக்கிட்டு ஒப்பிடும்படியோ இன்னொரு வினாவையும் சேருங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். தேர்வில் கேட்கப்படுவதுதான் வகுப்பில் கற்பிக்கப்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.