பெயர் கேட்ட இடத்தில் கட்டளை நுழையலாகாது

புலம்பெயர் நாடுகளில் வளரும் தமிழ் இளையோர் பலர் கணினி நிரலாக்கம் கற்று வருகின்றனர். தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களிடமே வந்து சேர்கிறது. பிள்ளைகளின் பெயர்களும் பெற்றோரின் முகவரிகளும் அத்தளங்களில் சேமிக்கப்படுவதால், நிரலில் நேரும் சிறு கவனக்குறைவும் ஒரு சமூகத்தின் நம்பிக்கையைக் குலைக்க வல்லது.

அத்தகைய கவனக்குறைவுகளுள் ஒன்று, இயங்குதளத்திற்கான கட்டளையை நிரலுக்குள் எழுதி, பயனர் தட்டச்சு செய்யும் சொல்லை அதனோடு அப்படியே ஒட்டி அனுப்புவதாகும். வேலை விரைவில் முடிவதால் இவ்வழி எளிதாகத் தோன்றும். ஆனால், கட்டளைகளை நிறைவேற்றும் 'ஷெல்' என்னும் மென்பொருள், எந்தப் பகுதியை நிரலாளர் எழுதினார், எதைப் பயனர் எழுதினார் என்று பிரித்தறிவதில்லை. அரைப்புள்ளியைக் கண்டால், ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதாகவே அது கொள்ளும். பெயர் கேட்ட பெட்டியில் ஒருவர் பெயரையும் அரைப்புள்ளியையும் இட்டு, கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் எழுதினால், அதுவும் நிறைவேறிவிடும்.

இது வெறும் கற்பனை அன்று. அப்பாச்சி முதலிய வலை வழங்கி மென்பொருள்களுடன் மாதிரியாக வழங்கப்பட்ட 'பிஎச்எஃப்' என்னும் முகவரிக் கையேட்டு நிரல் குறித்து, 1996 மார்ச்சில் அமெரிக்காவின் செர்ட் மையம் எச்சரிக்கை விடுத்தது. ஆபத்தான குறிகளைச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு அந்நிரலில் இருந்தது; எனினும் புதுவரிக் குறி ஒன்று மட்டும் விடுபட்டுப் போயிற்று. அந்த ஒரு குறியின் வழியே அந்நியர் வழங்கியினுள் தம் கட்டளைகளை இயக்கி, கடவுச்சொற் கோப்பையும் படிக்க முடிந்தது.

தீயவற்றைப் பட்டியலிட்டுத் தடுப்பது போதாது என்பதே இதன் பாடம். இயன்றவரை ஷெல்லை நாடாமல், நிரல்மொழியிலேயே உள்ள செயற்கூறுகளைப் பயன்படுத்த வேண்டும். வெளிக் கட்டளை தவிர்க்க இயலாததெனில், பயனரின் சொல்லை ஷெல் வழியே அனுப்பாது தனி உள்ளீடாக வழங்க வேண்டும். பைதான் மொழியின் 'சப்புராசஸ்' தொகுதி இதற்கு வழி செய்கிறது. ஏற்கத்தக்க எழுத்துகளை மட்டுமே ஏற்பதும், நிரலுக்குக் குறைந்த அதிகாரமே அளிப்பதும் மேலதிகக் காவல்களாகும்.

பிள்ளை உருவாக்கிய தளம் அழகாக இயங்குவதைக் கண்டு மகிழும் பெற்றோர், அது பாதுகாப்பானதா என்றும் வினவுதல் வேண்டும். பிறர் நம்பி ஒப்படைத்த விபரங்களைக் காப்பது, நிரல் எழுதுவோரின் முதற் கடமையாகும்.